பன்னிரண்டாவது இடம்

இந்தக் கடலோர ஊர்க்காரர்கள் வெளியூர் போனால் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். படகை இரவல் கேட்டால் முகம் சுளிக்காமல் அவிழ்த்துத் தருவார்கள். மீன் கடிக்கும் இடத்தை மட்டும் கேட்டுவிடக் கூடாது. அதற்கு இங்கே ‘போஷ்டா’ என்று பெயர். மாதா கோயில் மணிக்கூண்டும் பைன் மரமும் ஒரே கோட்டில் வந்தால் அங்கிருந்து இடப்பக்கம் பத்தடி என்று ஒவ்வொருவனும் மனசுக்குள் ஒரு அடையாளம் வைத்திருப்பான். கட்டிய மனைவியிடம்கூட வாய் திறக்க மாட்டான். “எங்கே பிடிச்சே?” என்று கேட்டால் வடக்கே பிடித்தவன் தெற்கே கையைக் காட்டுவான். அது பொய்யென்று கேட்டவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள்.

இப்பேர்ப்பட்ட ஊரில்தான் யாகோடா பட்டியல் போடக் கிளம்பினாள்.

அவள் சோளமும் சூரியகாந்தியும் விளையும் உள்நாட்டுச் சமவெளிக்காரி. கல்யாணமாகிக் கடற்கரைக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகியும் இந்த ஊர்க்காரர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பினாள். பிறவியிலேயே இடது கால் குட்டை, அக்குளில் ஊன்றுகோல். ஊர் மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர், அவள்தான் வேன் ஓட்டுநர், அவள்தான் எல்லாமும். சங்கத்தில் இருபத்து மூன்று பேர். அதில் பதினான்கு பேர் ஒரு காலத்தில் தூண்டில் போட்டவர்கள். சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ வந்து, யார் தயவும் இல்லாமல் உட்கார்ந்து தூண்டில் போட இந்தக் கரையில் எத்தனை இடம் இருக்கிறது என்று அளந்து, அச்சடித்து, எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். அவளுக்கு அளக்கத் தெரியும். மீன் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் லோவ்ரேயைக் கூட்டு சேர்த்துக்கொண்டாள்.

லோவ்ரேக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது வருஷம் பயணிகள் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். தனிக்கட்டை. மூன்று வருஷத்துக்கு முன் சர்க்கரை வியாதி அவன் வலது காலை முழங்காலோடு வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. கைகள் மட்டும் இன்னும் எஞ்சின் அறைக் கைகள்தான். மேட்டில்கூட யாரையும் தள்ள விட மாட்டான்.

ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை செவ்வாய்க்கிழமைதோறும் இருவரும் வேனில் போனார்கள். பார்ப்பதற்கு நல்ல இடம் என்று தோன்றுவதெல்லாம் சக்கரம் வைத்ததும் பல்லிளித்தது. ஓரிடத்தில் வாசல்வரை வழவழவென்ற பாதை, கடைசியில் ஆறு படி. ஓரிடத்தில் படகு கட்டும் இரும்பு வளையங்கள் நடுவழியில் நீட்டிக்கொண்டிருந்தன. இன்னோர் இடத்தில் தடுப்புச் சுவர் அவ்வளவு உயரம். உட்கார்ந்தால் வானம் தெரியும், தண்ணீர் தெரியாது. பழைய துறையில் சுவரே கிடையாது. நாற்காலி உருண்டால் நேரே கடல்தான்.

“எட்ஜுல ஒரு கை உசரத்துக்கு மேடு இருந்தா போதும் மாமா. சக்கரம் தட்டி நிக்கணும், தூண்டிலும் தடங்கல் இல்லாம போகணும். அவ்வளவுதானே கேக்கறேன்? அதைக் கட்டுறதுக்கு இந்த ஊருல ஒருத்தனுக்கும் தோணலியே!” என்பாள் யாகோடா, டேப்பைச் சுருட்டிக்கொண்டே.

“கட்டினவன் நின்னுக்கிட்டுக் கட்டினான்மா” என்பான் லோவ்ரே.

அப்படியும் பதினோரு இடம் தேறியது. அவளுடைய படிவத்தில் வாசல் அகலம், சரிவு, நிழல், கழிப்பறை என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டம்: மீன் உண்டா?

“இருக்கு, எழுதிக்கோ” என்றான் லோவ்ரே, பதினோரு தடவையும்.

அதில் ஒன்பது இடத்தில் மடவைக்குஞ்சுகூடக் கிடையாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். மற்ற இரண்டும் சந்தேகந்தான். ஆனாலும் பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. இடத்தைப் பற்றி ஒருவர் கேட்டால் கையைத் திருப்பிக் காட்டுவது அவன் ரத்தத்தில் ஊறியது. அந்த வாய் அதுபாட்டுக்குச் சொல்லிற்று.

மீன் உள்ள இடம் ஒன்று அவனிடம் இருந்தது. மூடிக்கிடந்த மத்தி டப்பா ஆலையின் பின்பக்கம். அந்தக் காலத்தில் படகிலிருந்து மீன் இறக்குவதற்காகப் போட்ட அகலமான சிமென்ட் தளம். தட்டுப்போல் சமம். கடல் ஓரத்தில், அளந்து வைத்ததுபோல, ஒரு கை உயரத்துக்கு மேடு. அடியில் நன்னீர் ஊற்று ஒன்று கடலுக்குள் பொங்கும். அந்தக் குளிர்ச்சிக்கு நெற்றியில் பொன்பட்டை போட்ட ஒராடா மீன்கள் கரையை ஒட்டியே மேயும். துருப்பிடித்த கதவு பூட்டியிருப்பதுபோலத் தெரியும். தள்ளினால் ஒரு நாற்காலி போகும் அளவுக்குத் திறக்கும். அவன் வீட்டிலிருந்து எழுநூறு அடி, நல்ல தார்ச்சாலை. தூண்டிலைச் சாய்த்து வைக்கத் தளத்தில் இரும்புக்குழாய் ஒன்றுகூடப் பதித்திருந்தது. ஆலைக்காரர்கள் எதற்கோ பதித்தது என்று நினைத்துக்கொண்டான். இருபத்தைந்து வருஷமாக அது அவன் இடம். வாரத்தில் இரண்டு நாள், விடிந்தும் விடியாமலும் போய்விட்டு, ஊர் காபி குடிக்க வரும் முன்னால் திரும்பிவிடுவான். யாராவது அவன் மடியில் மீனைப் பார்த்துவிட்டால், “சந்தையில வாங்கினேன்” என்பான். பிடிக்காத மீனைப் பிடித்ததாகப் பீற்றிக்கொள்பவர்கள் நிறைந்த ஊரில், பிடித்த மீனை வாங்கியதாகப் புளுகியவன் அவன் ஒருவன்தான்.

“ஆலைப் பின்னாடி எப்படி மாமா?” என்று யாகோடா ஒரு தடவை கேட்டாள்.

“கேட்டு பூட்டியிருக்கு. உள்ள பூரா இடிஞ்சு கிடக்கு” என்றான்.

காலை எடுத்த பிறகு ஊரில் எல்லோரும் அவனிடம் மெதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார்கள். அந்தத் தளத்தில் மட்டும்தான் அவன் பழைய லோவ்ரே. அதைப் பட்டியலில் போட்டு, நாளைக்கு நாலு பேர் வந்து ரேடியோ போட்டு உட்கார்ந்தால் அவனுக்கு என்ன மிச்சம்? அவன் நியாயம் அவனுக்கு.

செப்டம்பர் கடைசியில் பட்டியல் அச்சாகி வந்தது. வெள்ளிக்கிழமை யாகோடா ஒரு பிரதியை அவனிடம் கொடுத்து, “இதை டோன்ச்சி மாமாகிட்ட நீங்களே குடுத்துடுங்க. உங்க சிநேகிதர்தானே” என்றாள்.

சிநேகிதன் என்று சொல்ல முடியாது. முப்பது வருஷப் போட்டி என்று சொல்லலாம். டோன்ச்சி ஊர் ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவன். ராத்திரி முழுக்க ரொட்டி சுட்டு, காலையில் தூங்கி, சாயங்காலம் தூண்டில் தூக்குவான். இருவரும் சீட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பொய் சொல்லியே நரைத்தவர்கள். போன நவம்பரில் டோன்ச்சி முனைப்பாறையில் வழுக்கி விழுந்தான். இடுப்பும் முதுகும் போயிற்று. இப்போது இரண்டு பேர் பிடித்தால் ஒரு நிமிஷம் நிற்பான். மற்றபடி அவனுக்கும் நாற்காலிதான். மழை ஈரத்தில் அறுபத்தாறு வயதுக்காரனுக்கு முனைப்பாறையில் என்ன வேலை என்று ஊரே கேட்டது. காபிக்கடையில் லோவ்ரேயும் கேட்டான். அவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்டான்.

டோன்ச்சி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பட்டியலை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துப் படித்தான். பதினோராவது வரியில் விரல் நின்றது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான். அது வெறுமையாக இருந்தது.

“பதினொண்ணுதானாடா?”

“பதினொண்ணுதான்.”

“வேற எதுவும் இல்லையே?”

“இருந்தா போட மாட்டோமா? ஆறு மாசம் அலைஞ்சிருக்கோம்.”

“இந்தப் பதினொண்ணும் சேர்ந்து ஒரு பூனைக்கு ராச்சாப்பாடு போடாதே” என்றான் டோன்ச்சி. லோவ்ரே சிரித்தான். டோன்ச்சி சிரிக்கவில்லை. தாளை நான்காக மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, “சரி” என்றான்.

வாசல்வரை வந்த பெரினா, டோன்ச்சியின் மனைவி, கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்பறோம் அண்ணே. ஸாக்ரெப் பட்டணத்துக்கு, மக வீட்டுக்கு. அவ வசந்தத்துலேர்ந்தே கூப்பிடறா. இவருதான் பட்டியல் வரட்டும், பட்டியல் வரட்டும்னாரு. இப்ப உள்ள ‘சரி’ன்னாரே, அது உங்ககிட்ட இல்ல, என்கிட்ட, போலாம்னு.”

“ஸாக்ரெப்புல கடல் ஏது?”

“நாலாவது மாடி. கீழ டிராம் ஓடுமாம், பாத்துக்கிட்டு இருக்கலாமாம்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இங்க மட்டும் என்ன, ஜன்னலைத்தானே பாக்கறாரு.”

லோவ்ரே வீட்டுக்குப் போய் அத்திப்பழமும் ரொட்டியும் எடுத்து வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தான். ‘இருந்தா போட மாட்டோமா’ என்ற தன் குரலே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் விடியலில் வழக்கம்போல ஆலைக்குப் போனான். சிப்பியைக் கோத்து எறிந்த கால்மணி நேரத்தில் ஒராடா ஒன்று கடித்தது. ஒன்றரைக் கிலோ இருக்கும்; அந்த வருஷத்திலேயே பெரியது. இழுத்துப் போட்டுவிட்டு அதைப் பார்த்தான். சந்தோஷம் துளிகூட வரவில்லை. வாய்க்குள் உப்புக் கரித்தது. வேறு சிப்பியைக் கோத்தவன் எறியாமல் தூண்டிலைக் குழாயிலேயே விட்டுவிட்டு, மீனை மடியில் போட்டுக்கொண்டு, நேரே டோன்ச்சி வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனான்.

பெரினா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். டோன்ச்சி காபிக் கோப்பையோடு ஜன்னலோரம்.

“கிளம்புடா” என்றான் லோவ்ரே.

டோன்ச்சி மீனைப் பார்த்தான். “சந்தையில வாங்கினியா?”

“வாயை மூடிக்கிட்டுக் கிளம்பு.”

லோவ்ரே முன்னால் உருட்டிக்கொண்டு போக, பெரினா டோன்ச்சியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தாள். ஆலைக் கதவு வந்ததும் லோவ்ரே நாற்காலியைத் திருப்பி வழியை மறித்தான். என்ன ஆனாலும் ரத்தத்தில் ஊறியது எங்கே போகும்?

“பெரினா, நீ இங்கயே நில்லு. இல்லேன்னா கண்ணை மூடிக்கிட்டு வா.”

பெரினா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “என்னத்துக்கு? ஆலைப் பின்னாடி தளத்துக்குத்தானே போறீங்க? முப்பது வருஷம் இந்த மனுஷன் கால்சட்டைப் பின்பக்கத்துல இந்தக் கதவோட துருக்கறையைத் தேய்ச்சு என் கை தேஞ்சுபோச்சு. எனக்குத் தெரியாதாக்கும்!”

லோவ்ரே டோன்ச்சியைப் பார்த்தான். டோன்ச்சி கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உனக்கு இந்த இடம் தெரியுமா?”

“முதல்ல உள்ள போ. வெயில் ஏறுது.”

தளத்தில் டோன்ச்சி தன் நாற்காலியை நேரே இரும்புக்குழாய் அருகில் நிறுத்தச் சொன்னான். லோவ்ரேயின் தூண்டிலை உருவி அவனிடம் நீட்டினான். பிறகு சட்டைப்பையிலிருந்து கட்டைவிரல் பருமனில் சீவிய மரத்தக்கை ஒன்றை எடுத்து, குழாயின் வாயில் வைத்து உள்ளங்கையால் தட்டினான். கச்சிதமாக உட்கார்ந்தது.

“இதை நான் பதிச்சேன். மழைத்தண்ணி இறங்கித் துருப்பிடிக்கக் கூடாதுன்னு தக்கை வைப்பேன். மூணு தக்கையைக் கடல்ல எறிஞ்சிருக்கே, முட்டாப்பயலே. யாரோ ஒருத்தன் காலையில வந்துட்டுப் போறான்னு தெரியும். யாருன்னுதான் அப்ப தெரியாது. நான் சாயங்காலம் வர்றவன்.”

“குப்பைன்னு நெனச்சேன்” என்றான் லோவ்ரே. சீவிய தக்கை தானாக எப்படிக் குழாய்க்குள் போகும் என்று இருபத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் யோசித்ததில்லை. தன் இடம் என்ற நினைப்பு அப்படிக் கண்ணை மறைத்திருந்தது. “நான்தான்னு எப்ப தெரிஞ்சுது?”

“உன் காலை எடுத்த வருஷம். மழை பேஞ்ச மறுநாள் வந்தேன். கேட்டுகிட்ட சேத்துல ரெண்டு சக்கரத்தடம். சைக்கிளா இருந்தா ஒண்ணு இருக்கும், வண்டியா இருந்தா அகலமா இருக்கும். அன்னிக்கு நின்னுட்டேன்.”

“நின்னுட்டேன்னா?”

“வர்றதை நிறுத்திட்டேன். உனக்கு வேற எங்க போக முடியும்? எனக்குத்தான் ரெண்டு கால் இருந்துதே.”

லோவ்ரே தூண்டிலை மடியில் வைத்தான். கேட்க வேண்டாம் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. கேட்டான்.

“அப்புறம் நீ எங்க போனே?”

பெரினாதான் சொன்னாள், குரலில் கோபம் எதுவும் இல்லாமல். “வேற எங்க? முனைப்பாறைக்குத்தான்.”

காபிக்கடையில் சத்தமாகக் கேட்டது லோவ்ரேயின் நினைவுக்கு வந்தது. அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். ஊற்று பொங்கும் இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா” என்றான் லோவ்ரே.

“ஒருத்தன் இடத்தை எப்படிக் கேக்கறது? அவனாத்தான் சொல்லணும்.” டோன்ச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டான். “நீயே பட்டியல்ல போடுவேன்னு பாத்தேன். போடலை. சரி, உனக்கு அது வேணும்னு விட்டுட்டேன்.”

லோவ்ரே சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தான்.

“யாருக்கு?”

“யாகோடாவுக்கு.”

“பைத்தியமா உனக்கு? எனக்குச் சொன்னே, சரி. அதுக்காக ஊருக்கெல்லாமா? நாளைக்கே ஆளாளுக்கு வந்து நிப்பான்!”

“ஜன்னலோரம் இன்னும் பன்னெண்டு பேரு உக்காந்திருக்கான்டா, சங்கத்துல. அதுல எவன் எந்தப் பாறையிலேர்ந்து விழுந்தானோ, எனக்கென்ன தெரியும்?”

டோன்ச்சி ஏதோ முணுமுணுத்தான். ஆனால் தடுக்கவில்லை.

யாகோடா அரைமணியில் வேனோடு வந்தாள். தள்ளியதும் திறந்துகொண்ட கதவை ஒரு தடவை பார்த்தாள், லோவ்ரேயை ஒரு தடவை பார்த்தாள், டேப்பை எடுத்தாள். வாசல் எண்பத்து நான்கு சென்டிமீட்டர். சரிவு இல்லை. ஓரத்து மேட்டை அளக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவே இல்லை. கையால் அதைத் தடவிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு படிவத்தை முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தாள். கடைசிக் கட்டத்துக்கு வந்தாள்.

“மீன் உண்டா?”

“இருக்கு” என்றான் லோவ்ரே.

“இதுக்கும் அதையேதான் எழுதணுமா? பதினொண்ணுக்கும் இதைத்தானே சொன்னீங்க.”

லோவ்ரே தலையைக் குனிந்துகொண்டான். “அதெல்லாம் பொய்மா. இது நெஜம்.”

“பதினொண்ணுமா?”

“ரெண்டு இடத்துல அதிர்ஷ்டம் இருந்தா…”

“ஒண்ணுலயும் இல்ல” என்றான் டோன்ச்சி.

யாகோடாவின் முகம் சிவந்துவிட்டது. “ஆறு மாசம் மாமா! இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா எண்ணியிருக்கேன். நீங்க பக்கத்துல உக்காந்து இருக்கு, இருக்குன்னு! நம்பி எழுதினேனே. பன்னெண்டு பேருக்கு என் கையால குடுத்திருக்கேனே. அவங்க போய் நாள் பூரா உக்காந்துட்டு, தனக்குத்தான் இனிமே ஒண்ணும் கடிக்காதுன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவாங்களே, அது உங்களுக்குத் தோணவே இல்லையா?”

அவனுக்குத் தோன்றியதில்லை. அதையும் ஒப்புக்கொண்டான். “இல்லம்மா. தோணலை. தப்புதான்.”

அவள் படிவத்தை மூடினாள். கோபம் தணிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பேசும்போது செயலாளர் குரலில்தான் பேசினாள்.

“அச்சடிச்சதைக் கிழிக்கறேன். நல்ல இடமா மறுபடியும் மொதல்லேர்ந்து பாக்கணும். இந்தத் தடவை நீங்க வாயால சொல்ல வேண்டாம். ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு மணி நேரம் தூண்டில் போடுங்க, என்ன வருதுன்னு நான் எண்ணி எழுதிக்கறேன். உங்க ஒருத்தரை நம்பி வர மாட்டேன். தூண்டில் தெரிஞ்ச இன்னொரு ஆள் வேணும்.”

“எங்க போவே ஆளுக்கு?” என்றான் லோவ்ரே.

டோன்ச்சி குழாயிலிருந்து தக்கையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான். லோவ்ரேயின் மடியிலிருந்த தூண்டிலை எடுத்து, முள்ளில் சிப்பி சரியாகக் கோத்திருக்கிறதா என்று பார்த்தான். கோத்தது பிடிக்காமல் மறுபடி கோத்தான். உட்கார்ந்தபடியே வீசினான். கயிறு நேராகப் போய் ஊற்றுக்குப் பக்கத்தில் விழுந்தது. தூண்டிலைக் குழாயில் சாய்த்துவிட்டு, யாகோடாவின் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

“வேன்ல ரெண்டு நாற்காலி ஏறுமா?”

“ஏறும்.”

“அப்ப எனக்குத் திங்கக்கிழமை தோதுப்படும்.”

பெரினா மீனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். திங்கள் என்றதும் கை நின்றது. நாளைக்கு ஞாயிறு. அவள் அவனைப் பார்த்தாள். அவன் தூண்டில் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பெட்டியைப் பாதி கட்டிட்டேனே” என்றாள், ஒன்றும் தெரியாதவள்போல.

“அவிழ்த்துடு” என்றான் டோன்ச்சி. “அப்படியே அந்தத் துருக்கறை படிஞ்ச பழைய கால்சட்டையைத் தேடி எடுத்து வை.”